கச்சான் பட்டரில் மிதக்கும் எண்ணெய்: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் பன்னிரண்டு வருடமாக வீட்டில் கச்சான் பட்டர் அரைத்து விற்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெஹிவளை: அக்கா, புதிதாக வாங்கிய போத்தலில் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது. பழுதா?

பழுதில்லை தங்கச்சி. கச்சானில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். வறுத்து அரைக்கும்போது அது வெளியே வரும். அரைபட்ட துணிக்கைகள் பாரம், எண்ணெய் இலேசு. நாள் போக ஒன்று அடியில் இறங்கும், மற்றது மேலே வரும். சூட்டில் எண்ணெய் இன்னும் இளகும் என்பதால் கொழும்பு வெக்கையில் இது கெதியாக நடக்கும். பிரியாத போத்தல்களின் லேபலை வாசியுங்கள், பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய் என்று இருக்கும். 1920களில் அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் கொண்டுவந்த வழி அது. சாதாரண வெப்பத்திலும் உறைந்து நிற்கும் அந்தக் கொழுப்பு, ஓடுகிற எண்ணெயைப் பிடித்து வைக்கும். உங்களுடையதில் அது இல்லை.

திறப்பதற்கு முதல் நாள் இரவு போத்தலைத் தலைகீழாக வையுங்கள். மூடி இறுக்கமா என்று பாருங்கள். என் அலுமாரித் தட்டு ஒன்று இன்னும் கச்சான் மணக்கிறது. மறுநாள் நீளமான மேசைக் கத்தியை அடிவரை விட்டுக் கிளறி எடுங்கள். கை நோகும். கலந்ததும் பிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் தடித்து, மறுபடி பிரிய நாளாகும். கத்தியில் ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் பட்டால் பட்டர் கட்டிபடும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை: எண்ணெயை வடித்து ஊற்றிவிட்டேன். உடம்புக்கு நல்லதுதானே?

பாதிப் போத்தலுக்கு வரும்போது தெரியும். மிச்சம் சீமெந்து மாதிரி இருக்கும், பூசினால் பாண் கிழியும். கொஞ்சம் கச்சான் எண்ணெய் விட்டுக் கலக்குங்கள்.

பம்பலப்பிட்டி: ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்தால் பிரியாது என்று வீடியோவில் பார்த்தேன்.

வீடியோ எடுத்தவர் குளிர் ஊர்க்காரராக இருப்பார். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உருகிவிடும். உங்கள் குசினி 30க்குக் கிட்ட நிற்கும். ஓடுகிற எண்ணெய் இன்னொரு எண்ணெயை எப்படிப் பிடிக்கும்?

பம்பலப்பிட்டி: நுவரெலியாவில் அம்மம்மா வீட்டில் செய்தோம், பிரியவே இல்லை!

அங்கே தேங்காயெண்ணெய்ப் போத்தலையே வெயிலில் வைத்து உருக்கித்தானே தலைக்கு வைக்கிறார்கள்? என் கட்சியைத்தான் நீங்களும் பேசுகிறீர்கள்.

வத்தளை: இடையில் வருவதற்கு மன்னியுங்கள் அக்கா. பிரிட்ஜில் வைத்தால் அவர் சொல்வது சரிதானே?

சரி, பிரிட்ஜில் உறையும். ஆனால் அங்கே தேங்காயெண்ணெய் இல்லாமலே பிரிவது குறையும். அதையும் சேர்த்தால் கரண்டி இறங்காது.

பம்பலப்பிட்டி: எங்கள் குசினியில் ஏசி இருக்கிறது.

ஏசியில் சமைக்கிற வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

மட்டக்குளி: மேலே எண்ணெய் நிற்கிறது, பழுதா?

முதல் கேள்வி.

கல்கிசை: தேன் சேர்த்தேன், இறுகிவிட்டது.

தேனிலும் நீர் உண்டு. ஈரக் கத்தியின் கதைதான்.

மருதானை: அப்பாவுக்கு நீரிழிவு. எவ்வளவு சாப்பிடலாம்?

டொக்டரிடம் கேளுங்கள்.

கிருலப்பனை: வீட்டில் அரைக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கச்சானைத் தெரிவதை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் முழுதாகப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் செத்தபோதுதான் அது பிடிபட்டது, தீனியில் இருந்த கச்சான் பிண்ணாக்கால். கிரைண்டர் காய்ந்திருக்கட்டும். ஆம், மறுபடியும் ஈரம்தான்.

வெள்ளவத்தை: எண்ணெய் மேலே வந்து, பழைய பெயின்ட் மாதிரி மணக்கிறது.

இதுதான் பழுது. எறியுங்கள்.

கொலன்னாவை: அக்கா, மேலே எண்ணெய்...

தலைகீழாக வையுங்கள் தம்பி.

கொலன்னாவை: வைத்து ஒரு கிழமை. இனி என்ன செய்வது?

நிமிர்த்திக் கலக்குங்கள். கத்தி காய்ந்துதானே இருக்கிறது?