லினக்ஸ் கெர்னலுக்குப் பங்களிக்க ஆசை. எங்கே கை வைப்பது?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சி ஓரளவு தெரியும். லினக்ஸ் கெர்னலை இறக்கிப் பார்த்தேன், மலைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்க?

மலைப்பு வருவது நியாயம்தான். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் மூன்று கோடி வரிகளுக்கும் மேல் இருக்கிறது, முழுவதையும் படித்தவர் யாரும் கிடையாது. அதில் பெரும்பகுதி டிரைவர்கள், உங்கள் லேப்டாப்பில் இல்லவே இல்லாத சாதனங்களுக்கானவை. புதிதாக வருகிறவர்களுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நிரல் எழுதுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோளாறு கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

அதற்குச் சொந்தமாக ஒரு கெர்னலைக் கம்பைல் செய்து, அதிலேயே பூட் செய்து, தினசரி வேலையையும் அதிலேயே பாருங்கள். உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பை (கெர்னலில் எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்ற பட்டியலை) அப்படியே எடுத்துக் கம்பைல் செய்தால் மணிக்கணக்கில் ஓடும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' (make localmodconfig) கட்டளை கொடுத்தால், அந்த நேரத்தில் ஏறியிருக்கிற மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். அதைக் கொடுக்கும் முன் பென்டிரைவ், ஹெட்செட், யூஎஸ்பி வைஃபை என்று நீங்கள் புழங்குகிற எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். விட்டுப்போனதற்குப் புதிய கெர்னலில் டிரைவர் இல்லாமல் போகலாம்.

உபுண்டுவில் பலர் தடுக்கி விழும் முதல் இடம், சான்றிதழ் கோப்பைக் காணோம் என்று கம்பைல் பாதியில் நிற்பது. கான்ஃபிக்கில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' இரண்டையும் காலியாக விட்டால் போதும். அடுத்தது, ரூட்டை (கணினியின் முதன்மைக் கோப்பு அமைப்பை) மவுண்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன் பிளாக் (0,0)' என்று பேனிக் ஆகி, அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல், நிற்பது. டிஸ்க் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) உருவாகியிருக்காது, அல்லது டிஸ்க்குக்கான டிரைவர் விடுபட்டிருக்கும். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து சரிசெய்யலாம். இதற்காகவே பழைய கெர்னலை எப்போதும் வைத்திருங்கள்.

அப்புறம் ஊப்ஸ், அதாவது கெர்னலுக்குள் பிழை நேரும்போது அது கொட்டும் செய்தி. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். திரை முழுக்க எண்களாகக் கொட்டும்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் வரியில் 'நல் (NULL) பாயிண்டர் டீரெஃபரன்ஸ்', முகவரி 0000000000000008 என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த எட்டு பெரிய துப்பு. வெறும் சுழியமாக இல்லாமல் எட்டு என்று இருப்பதால், ஒரு ஸ்ட்ரக்டைச் சுட்ட வேண்டிய பாயிண்டர் எதையும் சுட்டாமல் NULL ஆக இருந்திருக்கிறது, அந்த ஸ்ட்ரக்டில் எட்டாவது பைட்டில் தொடங்கும் உறுப்பைத் தொடப் போய் விழுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அடுத்து 'ஆர்ஐபி' (RIP) வரி, விழுந்தபோது நிரல் எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டுவது. அதில் ஃபங்ஷன் பெயர், கூட்டல் குறி, ஓர் எண், சாய்கோடு, இன்னோர் எண் இருக்கும். முதல் எண் விழுந்த இடம், இரண்டாவது அந்த ஃபங்ஷனின் மொத்த நீளம். டீபக் இன்ஃபோவுடன் கம்பைல் செய்திருந்தால், ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள 'எஃப்ஆடர்2லைன்' (faddr2line) அதை நேராக வரி எண்ணாக மாற்றித் தரும்.

ஊப்ஸில் 'டெயின்டட்' (கெர்னல் களங்கப்பட்டிருக்கிறது) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளையும் விடாதீர்கள். 'பி' (P) என்றால் மூலநிரல் திறக்காத டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி கோளாறை வரவழைத்துக் காட்டாதவரை பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் கையில் எடுக்க மாட்டார்கள். 'டி' (D) என்றால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் வந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது அதன் பின்விளைவாக இருக்கலாம், லாகில் மேலே போய் முதலாவதைத் தேடுங்கள்.

போன பதிப்பில் வேலை செய்தது புதியதில் செய்யவில்லை என்றால், உங்களுக்கு அருமையான வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 'கிட் பைசெக்ட்' எடுங்கள். நடுவில் உள்ள ஒரு கமிட்டை (பதிவான ஒரு நிரல் மாற்றத்தை) அது எடுத்துக் கொடுக்கும், நீங்கள் கம்பைல் செய்து பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். இரண்டு பதிப்புகளுக்கு இடையே பதினான்காயிரம் கமிட்டுகள் இருந்தாலும் ஏறக்குறைய பதினான்கே சுற்றில் குற்றவாளி கையில் இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. அதனால் கமிட்டைக் குறிப்பிட்டுச் சொல்லும் புகாருக்கு அங்கே தனி மதிப்பு. திருத்தம் வரும்போது 'ரிப்போர்டட் பை' என்று உங்கள் பெயரும் கெர்னல் வரலாற்றில் ஏறும். ஒரு வரி சி எழுதாமலே கிடைக்கும் இந்த அங்கீகாரத்தைப் புதியவர்கள் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேட்ச் (நிரல் திருத்தம்) மின்னஞ்சலில் அனுப்பும் முறையைப் பழக, டிரைவர்ஸ் அடைவுக்குள், இன்னும் மெருகேறாத டிரைவர்களுக்கான 'ஸ்டேஜிங்' இருக்கிறது. அங்கே இடைவெளி, பெயர் திருத்தம் என்று ஒன்றிரண்டு அனுப்புங்கள், போதும். அதிலேயே தங்கிவிட்டால் கெர்னல் எப்படி இயங்குகிறது என்பது கடைசிவரை பிடிபடாது. அனுப்பும் முன், நடைப் பிழைகளைக் காட்டும் 'செக்பேட்ச்' ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்று 'கெட் மெயின்டெய்னர்' சொல்லும். வெப்மெயிலில் ஒட்டி அனுப்ப வேண்டாம், டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி பேட்ச் பொருந்தாமல் போகலாம். 'கிட் சென்ட் இமெயில்' அமைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் மடலும் திரையைப் படம்பிடித்து அனுப்புவதும் வேண்டாம், லாகை எழுத்தாகவே போடுங்கள்.

உடனே பதில் வராவிட்டால் மனம் தளராதீர்கள். ஒவ்வொரு பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்), அப்போது பராமரிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. குறைந்தது ஒரு வாரம் பொறுத்து அதே மடலிழையில் பணிவாக நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால் செய்து 'வி2' (v2, இரண்டாம் வடிவம்) என்று அனுப்புங்கள். முந்தையதிலிருந்து என்ன மாற்றினீர்கள் என்பதை பேட்ச்சில் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுத வேண்டும், அந்தப் பகுதி கமிட் செய்தியில் சேராது.