நின்றுபோன தூரியும் நிற்காத தூரியும்

கேள்வி: சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓட்டுகிறேன். 14 வயது மகனும் 8 வயது மகளும் இந்த விடுமுறையில் ரோலர் கோஸ்டர் இருக்கும் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள். சென்னையில் ஆட்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் மாட்டிக்கொண்ட செய்தியைப் பார்த்ததிலிருந்து என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். ஆனால் ஆடியில் அந்தியூர்த் திருவிழாவுக்குப் போனால் எல்லோரும் இராட்டினத் தூரி ஏறத்தான் செய்கிறோம். இரண்டில் எது ஆபத்து? ஏறும் முன் எதைப் பார்ப்பது? மகள் அவர்கள் கேட்கும் உயரத்துக்கு இரண்டு அங்குலம் குறைவு. குதிகாலைத் தூக்கி நின்றால் விட்டுவிடுவார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். 125 கிலோ எடையுள்ள அவரும் எங்களோடு வருகிறார்.

பதில்: தறி ஓட்டுகிறவர் கேட்டதால் என் வேலை பாதியாகக் குறைந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறியை நிறுத்த ஒரு சிறு கம்பிக் கவை இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பக்கம் என் அப்பாவிடம் ஆறு தறிகள் இருந்தன. அவற்றில் ஒன்று அடிக்கடி நின்றது. எரிச்சலடைந்த தொழிலாளி அந்தக் கவையை ஒரு துண்டு நூலால் கட்டிவைத்துவிட்டார். அதன்பின் தறி நிற்கவே இல்லை. மாலையில் துணியை விரித்துப் பார்த்தபோது, ஊடை இல்லாமல், நீளவாக்கில் ஓடும் வெறும் பாவு நூலாகக் கெஜக்கணக்கில் ஓடியிருந்தது. பிற்காலத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன், கன்வேயர், தூக்கு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். நான் ஆய்வு செய்த விபத்துகள் பலவற்றில் அந்தத் துண்டு நூலின் உறவினர் யாராவது ஒருவர் இருந்தார்.

உங்கள் மனைவியின் பயத்தையும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நடுவழியில் நின்ற இராட்டினம் பெரும்பாலும் ஊடை அறுந்ததை உணர்ந்து நின்ற தறிதான்.

ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்குள் ஒரே ஒரு வண்டித்தொடர் மட்டுமே இருக்கலாம். முன்னால் போனது அடுத்த பகுதியைக் காலிசெய்யும் வரை பின்னால் வருவதை பிரேக் பிடித்து நிறுத்திவிடும். ஈரோடு சந்திப்புக்கு வெளியே சிக்னலுக்காக ரயில் நிற்கிறதே, அதே ஏற்பாடு. அந்த பிரேக்கும் பெரும்பாலும் காற்று அழுத்தத்தால் திறந்து ஸ்பிரிங்கால் மூடும் வகையில் அமைந்திருக்கும். வேகத்தைக் குறைக்க மின்சாரமே தேவைப்படாத காந்த பிரேக்கும் உண்டு. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களிடம் கேளுங்கள். டேங்கில் காற்று இறங்கினால் பின்சக்கரம் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். இங்கும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது கேட்கும் கடகடச் சத்தமும் பயமுறுத்துவதற்காக வைத்ததன்று. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் பல்லில் மாட்டிக்கொள்ளும் கொக்கியின் சத்தம் அது.

இவ்வளவும் இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது? இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 2015 ஜூன் 2 அன்று அங்கே சோதனைக்காக அனுப்பிய காலி வண்டி ஒன்று சுழலைத் தாண்ட முடியாமல் நடுவில் நின்றுவிட்டது. அன்று பலத்த காற்றும் வீசியது. கணினி அதைச் சரியாகக் கண்டுபிடித்து, பின்னால் 16 பேரோடு வந்த வண்டியை மேட்டிலேயே நிறுத்தியது. பொறியாளர்களின் கண்ணுக்குக் காலி வண்டி தெரியவில்லை. கணினிதான் பிழை செய்கிறது என்று முடிவுகட்டி, தடையை மீறி வண்டியை விட்டார்கள். இரண்டும் மோதின. ஏறியிருந்த 16 பேரும் காயமடைந்தார்கள், இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. கவையைக் கட்டிய நூல் கதையேதான். இங்கே கட்டியவர்கள் படித்தவர்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

சென்னைச் செய்திக்கு வருகிறேன். 2025 மே மாதக் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயரத்தில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையின் உயர ஏணி வண்டி வந்து அவர்களை இறக்கியது. யாருக்கும் காயமில்லை, இருக்கைப் பூட்டு கடைசிவரை பிடித்திருந்தது. பழுதானதற்காக அந்த இயந்திரத்தை நான் திட்டமாட்டேன். ஆட்களை மேலே ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, இயந்திரம் நின்றால் கீழே இறக்கவும் சொந்தமாக வழி இருக்க வேண்டும். என் கோபமெல்லாம் அதன் மேல்தான். பெரிய பூங்காவுக்குப் போகும்போது, இது நடுவில் நின்றால் எப்படி இறக்குவீர்கள் என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல பூங்காவில் படிக்கட்டையோ ஏணியையோ கை காட்டிச் சொல்வார்கள். "அதெல்லாம் நிற்காது" என்று பதில் வந்தால் வேறு விளையாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். நீங்களே மேலே சிக்கிக்கொண்டால் ஒரே விதிதான். பூட்டிலிருந்து நழுவி இறங்க முயலாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி அந்தியூர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைத் தினமும் வாங்கிய நம் ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த மாதத்தில்தான், உழுத நிலத்துப் பக்கத்து மைதானத்தில், லாரியில் வந்து இரண்டு நாளில் பூட்டப்பட்ட இராட்டினத்தில் நாம் ஏறுகிறோம். அதற்காகத் திருவிழாத் தூரி எல்லாமே எமன் என்று சொல்லமாட்டேன். நானே ஏறியிருக்கிறேன். ஆனால் பூங்காவில் ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு இல்லாத இரண்டு தொல்லைகள் இதற்கு உண்டு. இதை ஓயாமல் கழற்றிப் பூட்டுகிறார்கள். நிற்கும் தரையும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கழற்றிப் பூட்டுவதில் ஆணிகள்தான் உயிர். கனமான ஆணியைச் செருகி, அது நழுவாமலிருக்க ஒரு சிறு பின்னை மாட்டுவார்கள். ஒருமுறை ஒரு கண்காட்சியில் அந்தப் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "மூன்று ஊராக அப்படித்தான் ஓடுகிறது" என்றார் பொறுப்பாளர். நான் வாங்கிய டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத கேடு துரு. 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊசல் இராட்டினத்தின் ஒரு கூடை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிய்ந்து பறந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஆய்வாளர்கள் அதைப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தார்கள். கூடையைத் தாங்கிய இரும்புக்கை உள்ளுக்குள் துருப்பிடித்துச் சுவர் மெலிந்துபோயிருந்ததாகத் தயாரித்த நிறுவனமே பின்னர் சொன்னது. வெளியே பெயிண்ட் பளபளத்தது. அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் 2019 ஜூலை 14 அன்று இதே வகை ஊசல் இராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். லாரிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கக் காட்டப் போகும் முன் பெயிண்ட் அடிக்கும் பழக்கம் நமக்குத் தெரியாததா? இரும்பின் உள்ளே இருப்பதை அறிய அல்ட்ராசோனிக் சோதனையும், வெல்டிங் விரிசலைக் காட்டும் சாயச் சோதனையும் இருக்கின்றன. கோவைப் பட்டறைகளில் இவை அன்றாட வேலை. கேளிக்கை இயந்திரங்களுக்கு ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒற்றைச் சட்டம்தான் இல்லை. வழக்கமாகத் திருவிழா இராட்டினத்துக்கு உள்ளூர் நிர்வாகம், காவல் துறை, தீயணைப்புத் துறை ஆகியோரின் அனுமதியோடு ஒரு பொறியாளரின் சான்றும் கேட்பார்கள். அந்தச் சான்று எந்த ஊரில், எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். போன ஊரில் பூட்டியபோது வாங்கிய காகிதத்துக்கு இந்த ஊர் மண்ணில் மதிப்பில்லை.

பார்வையாளரான உங்களுக்கு இரும்பின் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் ஆட்களைப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கும் முன் இரண்டு சுற்றுகள் கீழே நின்று வேடிக்கை பாருங்கள். ஒவ்வொரு இருக்கையின் பூட்டையும் ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அல்லது விசில் ஊதிவிட்டு நடந்துவிடுகிறாரா? விசையருகே இருப்பவரின் கண் இராட்டினத்தின் மேல் இருக்கிறதா, கைப்பேசியின் மேலா? முழுதும் நிற்கும் முன் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்களா? பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் துண்டுத் துணியோ கயிறோ கட்டியிருந்தால் பேச்சே வேண்டாம். கால்களுக்கு அடியில் கொடுத்த கட்டைகளையும் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு பக்கம் மண்ணில் அமிழ்ந்திருக்கும். பலமான காற்று வீசும்போது நிறுத்திவைக்கும் உரிமையாளரைக் கூட்டம் திட்டும். நீங்கள் அந்தக் கடையில் காத்திருந்து ஏறுங்கள், மனிதர் வியாபாரத்தை விட்டுவிட்டு நிற்கிறார்.

மகளின் உயரத்துக்கு வருகிறேன், இது எல்லாவற்றையும்விட முக்கியம். உயர விதி வயதுக்கோ தைரியத்துக்கோ வைத்ததன்று. ரோலர் கோஸ்டர் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேலும் பக்கவாட்டிலும் அடியிலும் சக்கரங்கள் உண்டு. மூன்று பக்கமும் கவ்வியிருப்பதால் அது எங்கும் பறக்காது. பறக்கக்கூடியது ஏறியவரின் உடம்புதான். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி தண்டவாளத்தோடு கீழே வளைகிறது, உடம்போ நேராகப் போகப் பார்க்கிறது. அந்த நொடியில் இருக்கையிலிருந்து எழும்புகிறோம், வயிறு கூசுகிறது. பின்வரிசையில் இது இன்னும் அதிகம். முன்பாதி இறங்கத் தொடங்கிப் பின்பாதியை உச்சிக்கு மேல் இழுத்துப் போவதே காரணம். அப்போது உங்களைப் பிடித்திருப்பது தொடையின் மேல் அழுந்திய கம்பி ஒன்றே. பூங்காக்காரர்கள் 120 என்றும் 140 என்றும் சென்டிமீட்டர் கணக்கு எழுதிவைப்பது, அந்தக் கம்பி எந்த அளவு உடம்பை இடுப்பருகே பிடிக்கும் என்று பார்த்துத்தான். குதிகாலைத் தூக்கினால் அளவுகோலை ஏமாற்றலாம், கம்பியை ஏமாற்ற முடியாது.

இதில் நம் திருவிழாக்களில் தினமும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கொலம்பஸ் படகு போன்றவற்றில் ஒரு வரிசைக்கே ஒரே கம்பி. பாதுகாப்பு என்று நினைத்துக் குழந்தையைப் பெரியவரின் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். கம்பி பெரியவரின் தொடையிலும் தொந்தியிலும் முட்டி நின்றுவிடும்; குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மைத்துனர் பக்கத்தில் உங்கள் மகளை உட்காரவைக்கவே வேண்டாம். பொதுக் கம்பி இருக்கும் இடத்தில் ஒத்த உடம்புக்காரர்கள் சேர்ந்து உட்கார வேண்டும்.

மைத்துனருக்கும் விதி உண்டு என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில், 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து விழும் விளையாட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். இயந்திரத்தின் கையேடு சொன்ன எடை வரம்பு சுமார் 130 கிலோ. அவன் அதைவிட மிகவும் கனமானவன். பெரிய உடம்புக்காரர்கள் உட்காரட்டும் என்று அவனது இருக்கையின் உணரியை யாரோ கையால் திருத்தியிருந்தார்கள். தோள் பூட்டு முழுதும் இறங்காமலேயே 'பூட்டியாயிற்று' என்று விளக்கு எரிந்தது. மறுபடியும் அதே துண்டு நூல். ஆகவே மைத்துனர் எடை வரம்பைக் கேட்டுவிட்டு ஏறட்டும். சில பூங்காக்களில் வாசலில் சோதனை இருக்கையே வைத்திருப்பார்கள். பூட்டு வழக்கமான இடத்துக்கு இறங்காமல், ஊழியர் இரண்டு கையாலும் அழுத்தி 'போதும்' என்றால் அவர் எழுந்துவிட வேண்டும். வெட்கம் பார்க்கும் இடமன்று அது.

மேட்டுப்பாளையம் பக்கம் நீர்ப் பூங்காவுக்குப் போவதாக இருந்தாலும் எடைக் கணக்கு பொருந்தும். ரப்பர் படகில் யார் முன்னால், யார் பின்னால் என்று ஊழியர் சொல்வதை மாற்றாதீர்கள். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 168 அடி உயர நீர்ச்சறுக்கில் 2016இல் படகு மேலே எழும்பி, முன்னால் இருந்த 10 வயதுச் சிறுவன் மேலிருந்த உலோக வளையத்தில் மோதி இறந்தான். சறுக்கில் தலை முன்னே போகும்படி படுக்கக் கூடாது. முன்னால் போனவர் தொட்டியிலிருந்து விலகும் வரை காத்திருக்க வேண்டும். அலைக் குளத்தில் குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியிடம் சொல்ல ஒரு வேலை இருக்கிறது. கோ-கார்ட்டிலோ திறந்த இராட்டினத்திலோ ஏறும் முன் பின்னலைக் கொண்டையாக முடிந்து ஆடைக்குள்ளோ தொப்பிக்குள்ளோ செருகச் சொல்லுங்கள். துப்பட்டாவும் முந்தானையும் இறுகக் கட்டியிருக்க வேண்டும், தொங்கும் பூச்சரத்தைக் கழற்றிவிடலாம். சுழலும் அச்சில் முடி சிக்கினால் கை நீட்டும் நேரம்கூட இருக்காது. மோட்டாருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதய நோய், முதுகு அறுவை, கர்ப்பம் இருந்தால் கீழேயே நிற்பது நல்லது.

ஆக, விடுமுறைக்குப் பூங்காவுக்குப் போங்கள். கிளம்பும் முன் மகளை வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துகொண்டு, அவள் உயரத்துக்கு அனுமதி உள்ளவை எவை என்று பார்த்து, அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் திருப்பி அனுப்பினால்தான் அழுகை வரும். மகன் ரோலர் கோஸ்டர் ஏறும்போது அவளுக்குத் துணையாக, செருப்புகளையும் கைப்பேசிகளையும் பார்த்துக்கொண்டு, கீழே ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை மைத்துனரிடம் கொடுக்கலாம்.