பட்ஜெட் எந்த நாளில் பாஸ் ஆகிறது? – கேள்வி பதில்

நாடாளுமன்றத்தின் பொருளாதார விவாதங்கள், வெளிநாட்டு உதவி, வங்கிச் சட்டங்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டது. டெல்லியில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பழகியவன் நான். இப்போது மேற்கு மாம்பலத்தில் இருந்தாலும் அவைக் குறிப்புகளைப் படிக்காமல் விடுவதில்லை. இரண்டே நிபந்தனை. எந்த அவை, எந்த நாள் என்று தெரியாத வாட்ஸ்ஆப் வீடியோவை அனுப்பி "இது உண்மையா" என்று கேட்காதீர்கள். வருமான வரிக் கணக்குக்கு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

சுமதி, பெரம்பூர்: 2023-ல் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் மக்களவை நிறைவேற்றியது என்கிறார்களே. அப்படிச் செய்ய முடியுமா சார்?

முடியும், செய்தார்கள். 2023 மார்ச் 23. அதானி விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணை கேட்டு எதிர்க்கட்சிகள் ஒரு பக்கம் கோஷம், ராகுல் காந்தி மன்னிப்பு கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி மறுபக்கம் கோஷம். அந்தச் சத்தத்துக்கு நடுவே எல்லாம் முடிந்தது. 2018-லும் இதே கதை. மன்மோகன் சிங் ஆட்சியிலும் 2004, 2013 என்று இரண்டு முறை நடந்திருக்கிறது. எந்தக் கட்சிக்கும் இதில் கை சுத்தம் கிடையாது.

பிப்ரவரி 1-ல் நிதியமைச்சர் படிப்பது உரைதான். அன்றைக்கு ஒரு ரூபாய்கூட பாஸ் ஆவதில்லை. செலவுக்குப் பணம் கேட்டு அமைச்சகம் வாரியாக மானியக் கோரிக்கைகள் நூறு சொச்சம் வரும். அவற்றின் மீது வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டுமே உண்டு. மாநிலங்களவை பேசலாம், அவ்வளவுதான். வழக்கமாக நாலைந்து அமைச்சகங்களை எடுத்துப் பேசுவார்கள். மீதிக்குக் கில்லட்டின் நாள். மாலை, குறித்த நேரம் வந்ததும் சபாநாயகர் விவாதத்தை நிறுத்துவார். முதலில் வெட்டுத் தீர்மானங்கள் அத்தனையும் ஒட்டுமொத்தமாகத் தோற்கும். பிறகு மிச்சக் கோரிக்கைகளின் எண்கள் ஒரே மூச்சில் வாக்குக்கு வரும். "ஆம்" என்று ஒரு சத்தம், "இல்லை" என்று சற்றுச் சிறிய சத்தம். பல லட்சம் கோடி போய்விடும். அதற்குள் மாடத்தில் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பியிருப்பார்கள். டிவியில் நாள் முழுக்கக் கத்துவது பிப்ரவரி 1-ல். பணம் பாஸ் ஆகும் நாளில் ஒரு கேமராவும் இருக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டிச் செலவு, நீதிபதிகள் சம்பளம் போன்றவை வாக்கெடுப்புக்கே வராது. அரசியலமைப்பின் 112-வது பிரிவு அவற்றை நேரடியாகத் தொகுப்பு நிதியின், அதாவது அரசின் பொதுக் கஜானாவின், தலையில் வைத்துவிட்டது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தம் 50.65 லட்சம் கோடி, வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. கால்வாசிக்கு யாரும் வாக்களிக்கவே இல்லை.

ரமேஷ், கொளத்தூர்: வெட்டுத் தீர்மானம் என்றால்?

கொள்கை பிடிக்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது ஒரு வகை. செலவு அதிகம் என்றால் இவ்வளவு குறை என்று தொகை சொல்வது இன்னொன்று. ஒரு குறையைப் பதிவுசெய்ய 100 ரூபாய் மட்டும் வெட்டச் சொல்வது மூன்றாவது. எது ஜெயித்தாலும் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாக அர்த்தம். அதனால் ஜெயிக்க விடுவதில்லை.

பெயர் வேண்டாம், போரூர்: ஒரு எம்.பி. நிதியமைச்சரை நோக்கி ஃபைலைத் தூக்கி எறியும் வீடியோ அனுப்பியிருக்கிறேன். உண்மையா?

எந்த அவை? எந்த நாள்?

லலிதா, மயிலாப்பூர்: பென்ஷன் பணத்தை வங்கியில் எஃப்.டி. போட்டிருக்கிறேன். வங்கி மூழ்கினால் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்துவிட்டதாகக் கோவிலில் பேசிக்கொள்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அப்படி ஒரு சட்டம் இல்லை அம்மா. வந்தது மசோதாதான். 2017 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதா அது. அதன் 52-வது பிரிவுதான் வம்பு. மூழ்கும் வங்கியைக் காப்பாற்ற, வங்கி தரவேண்டிய கடன்களைக் குறைக்கலாம், பங்காக மாற்றலாம் என்றது. டெபாசிட்டும் வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன்தானே? நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. மசோதா அப்போது கூட்டுக் குழுவின் பரிசீலனையில் இருந்தது. 2018 ஆகஸ்டில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. வதந்தி மட்டும் திரும்பப் போகாமல் வருஷா வருஷம் மயிலாப்பூருக்கு வந்துபோகிறது.

இன்று உங்களுக்கு உள்ள பாதுகாப்பு இது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, அந்த வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. 2021-ல் வந்த திருத்தப்படி, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் பணப் பட்டுவாடாவை முடக்கினால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கைக்கு வர வேண்டும். அந்தத் திருத்தம் பாஸ் ஆனதும் அமளியில்தான். நல்ல சட்டமும் சத்தத்துக்குள் போய்விடுகிறது.

நம் ஊருக்கு இந்தப் பயம் பழசு. 1906 அக்டோபரில் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது மதராஸில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியில்தான் உங்கள் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆனால் டெபாசிட்டுக்குக் காப்பீடு என்று சட்டம் வர, 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்க வேண்டியிருந்தது. 1962-ல் தொடங்கியபோது காப்பீடு வெறும் 1,500 ரூபாய்.

எச்சரிக்கை ஒன்று: நிதி கம்பெனிகளில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பெயரில் "நிதி" இருக்கிறது, மாடவீதியில் ஆபீஸ் இருக்கிறது, மேனேஜர் எழுந்து நின்று கும்பிடுகிறார் என்பதெல்லாம் காப்பீடு ஆகாது.

சேகர், அடையாறு: எஃப்.டி.க்கு எவ்வளவு வரை பாதுகாப்பு?

மேலே லலிதா அம்மாவுக்குச் சொன்ன பதில்.

கிருத்திகா, சோழிங்கநல்லூர்: தேர்தல் பத்திரம் எப்படி பட்ஜெட் வழியாக வந்தது?

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் அந்தத் திட்டம் 2017 நிதிச் சட்டத்துக்குள் செருகி வந்தது. அதற்குப் பண மசோதா என்று சபாநாயகர் சான்று கொடுத்தால் மாநிலங்களவையின் பல் பிடுங்கப்பட்டுவிடும். 14 நாளுக்குள் பரிந்துரை மட்டும் செய்யலாம். அந்த வருஷம் மார்ச் 29-ல் மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. மறுநாளே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது, வாக்காளரின் தகவல் உரிமை என்ற காரணத்தில். பண மசோதா என்று எதற்கெல்லாம் முத்திரை குத்தலாம் என்ற கேள்வியை 2019-லேயே பெரிய அமர்வுக்கு அனுப்பியிருந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. பத்திரம் போய்விட்டது, அது நுழைந்த கதவு திறந்தேதான் இருக்கிறது.

வேலு, வியாசர்பாடி: இங்கே ஒரு மழைக்கு முட்டியளவு தண்ணீர். மெட்ரோவுக்கு ஜப்பானிடம் கை நீட்டுகிறோம். அப்புறம் எதற்கு பூடானுக்கும் இலங்கைக்கும் அள்ளிக் கொடுக்க வேண்டும்? யார் கேட்டுக் கொடுத்தார்கள்?

மெட்ரோவுக்கு வந்தது தர்மம் இல்லை வேலு, கடன். முதல் கட்டத்தில் ஏறக்குறைய 59 சதவீதம் ஜைகா, அதாவது ஜப்பான் அரசின் உதவி முகமை, கொடுத்த கடன். குறைந்த வட்டி, நீண்ட தவணை, ஆனால் திருப்பிக் கட்டியாக வேண்டும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க இரண்டாவதாகக் கட்டிய, நாளுக்கு 15 கோடி லிட்டர் ஆலைக்கு ஜெர்மனியின் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. பணம் தந்தது. பேரூர் ஆலைக்கு மறுபடியும் ஜைகா. தென்சென்னையில் குழாயைத் திறந்தால் கொஞ்சம் ஜெர்மன் கடனும் சேர்ந்துதான் வரும்.

இப்போது "அள்ளி" என்பதற்கு வருவோம். 2025-26-ல் வெளிநாடுகளுக்கு உதவியாக ஒதுக்கியது 5,483 கோடி. பட்ஜெட்டின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 11 காசு. அதில் 2,150 கோடி பூடானுக்கு. பூடானின் நீர்மின் நிலையங்களை நம் பணத்தில் கட்டி, அந்த மின்சாரத்தை நாமே வாங்குகிறோம். இலங்கைக்கு 300 கோடி. வியாசர்பாடியில் தண்ணீர் நிற்பதற்கு இந்த 11 காசு காரணம் இல்லை.

ஃபெலிக்ஸ், சாந்தோம்: சார், பாதிக் கணக்குதான் சொல்கிறீர்கள். 2022-ல் இலங்கைக்கு 400 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்தோமே, அது இந்த 11 காசுக்குள் வருமா?

வராது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. பட்ஜெட்டில் தெரிவது மானியம், பெரும்பாலும். அதைவிடப் பெரிய தொகைகள் கடன் வசதியாக அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகவும், டாலர் பரிமாற்றமாக ரிசர்வ் வங்கி வழியாகவும் போகின்றன. கடன் வசதியில் பொதுவாக முக்கால் பங்குக்கு இந்தியச் சரக்கும் சேவையும்தான் வாங்க வேண்டும். ஆக, பணம் கொழும்பு வரை போவதாகப் பேச்சு, ஆர்டர் இங்குள்ள கம்பெனிக்கு. ஜப்பானும் மெட்ரோ கடனில் இந்த வித்தை தெரியாத நாடு இல்லை. என் குறை வேறு. மானியத்துக்காவது ஒரு கோரிக்கை எண் உண்டு. இந்தக் கடன்களின் தவணையைத் தள்ளிவைத்தால் அதற்குத் தனியாக வாக்கெடுப்பு கிடையாது. ஒரு எம்.பி. எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்டால்தான் வெளியே வரும்.

வேலு, வியாசர்பாடி: அப்போ நம்ம துறைமுகத்திலிருந்து கப்பலில் போன அரிசி? அதுவும் கடனா?

இல்லை, அது தமிழக அரசு கொடுத்தது. 2022 ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள், மொத்தம் 123 கோடி. வெளிநாட்டு விவகாரம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் டெல்லி அனுமதி இல்லாமல் ஒரு மூட்டை நகராது. அனுமதி வந்து மே 18-ல் முதல் கப்பல் கிளம்பியது. யார் கேட்டுக் கொடுத்தார்கள் என்றீர்களே, இதற்கு அவையில் கேட்டார்கள், பதிவும் இருக்கிறது.

ஃபெலிக்ஸ், சாந்தோம்: அனுமதி என்று வந்ததால் கேட்கிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டக் கடன் யார் தலையில்?

2024 அக்டோபர் வரை மாநிலத் திட்டம். 63,246 கோடித் திட்டத்துக்கு வாங்கும் வெளிநாட்டுக் கடன் மாநிலத்தின் கடன் வரம்பையே தின்றது. அக்டோபர் 3-ல் மத்திய அமைச்சரவை இதை மத்தியத் துறைத் திட்டமாக ஏற்றபின், அந்தக் கடன் மத்திய அரசின் கடனாகக் கருதப்பட்டு மெட்ரோ நிறுவனத்துக்கு நேராகப் போகிறது. பல வருஷம் இழுத்த சண்டை. தீர்ந்தது அமைச்சரவை அறையில்.

அந்தோணி, காசிமேடு: இலங்கைக்கு அரிசி அனுப்புகிறோம். நம் படகை அவர்கள் பிடிக்கிறார்களே?

கோபம் நியாயம். ஆனால் வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது பேச வேண்டியது இது. அந்தக் கோரிக்கை கடைசியாக எப்போது விவாதத்துக்கு எடுக்கப்பட்டது, எப்போதெல்லாம் கில்லட்டினில் போனது என்று உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்.

வேலுவும் ஃபெலிக்ஸும் இன்னும் ஏழெட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள், பாதி ஒருவரையொருவர் திட்டி. போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நளினி, அண்ணா நகர்: பையன் லண்டனில் இருக்கிறான். அங்கே உதவித் தொகையை வெட்டியதற்கு நாடாளுமன்றத்தில் பெரிய சண்டையாமே?

அவர்களுக்குச் சண்டை போட ஒரு சட்டம் இருக்கிறது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்று 2015-ல் சட்டமாக்கினார்கள். 2021-ல் 0.5 ஆக வெட்டியபோது ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்து வாக்களித்தார்கள். 2027-க்குள் 0.3 என்று 2025-ல் அறிவித்தார்கள். நமக்கு அப்படி ஒரு சதவீதச் சட்டம் இல்லை. கட்சிக் கொறடாவை மீறினால் பதவி போகும் ஊரில் எதிர்த்து வாக்களிக்கவும் ஆள் இல்லை.

பாஸ்கர், வேளச்சேரி: எஃப்.டி. 5 லட்சம் என்பது ஒரு கிளைக்கா, ஒரு வங்கிக்கா?

வங்கிக்கு. வங்கிக்கு. மேலே எழுதியிருக்கிறேன்.

ராஜகோபால், மந்தைவெளி: முந்திரா விவகாரத்தில் அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை (டி.டி.கே.) பலிகடா ஆக்கினார்கள் என்பது என் கருத்து. உங்கள் கருத்து?

பாதி உண்மை. 1957-ல் எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாயைப் போட்டது. ஏழை எளியவர் பிரீமியம். அதை அவையில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணைக் கமிஷன் பம்பாயில் திறந்த விசாரணை நடத்தியது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். துறைச் செயலர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் மதராஸ் தெற்கின் எம்.பி.யான டி.டி.கே. அமைச்சர் பதவியை விட்டார். கையெழுத்து அவருடையதா என்பதில் நீங்கள் வாதாடலாம். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று நிதியமைச்சர் சொல்லித் தப்ப முடியாது என்ற வழக்கம் அன்று நிலைத்திருந்தால் பின்னால் வந்த பல ஊழல்களில் கதை வேறாக இருந்திருக்கும். அவரே 1963-ல் மறுபடி நிதியமைச்சர் ஆனார். பலிகடாவுக்கு அது நடக்காது ராஜகோபால் சார்.

செல்வி, திருவொற்றியூர்: தெருவில் ஒரு அக்கா சீட்டு நடத்துகிறார். சேரலாமா?

பதிவு எண் கேளுங்கள். 1982 சிட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டு என்றால் நடத்துபவர் பிணை கட்டியிருப்பார். கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம். 2019 திருத்தத்துக்கு முன் 5. அக்கா நல்லவர், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் தருவார் என்பது பதிவு எண் ஆகாது. மாதம் 10 சதவீத வட்டி என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் போனபின் 1997-ன் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019-ன் மத்தியச் சட்டமும் உண்டு. பொருளாதாரக் குற்றப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் வேகம் தெரியும்.

பெயர் வேண்டாம், போரூர்: அதே ஃபைல் வீடியோ, இன்னும் தெளிவாக அனுப்பியிருக்கிறேன்.

நாள்?

யாழினி, கல்லூரி மாணவி, ராயபுரம்: பட்ஜெட் விவாதத்தைப் பின்தொடர எங்கிருந்து தொடங்குவது?

உரைகளிலிருந்து தொடங்காதே அம்மா. 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன, இப்போது 24. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கேமரா இல்லாததால் அங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் மனிதர்கள் மாதிரி பேசுவார்கள். நிதி நிலைக்குழுவின் அறிக்கை ஒன்றை எடு. "குழு பரிந்துரைத்தது", "அரசு பதிலளித்தது" என்ற இரண்டு பத்திகளை மட்டும் ஒப்பிட்டுப் பார். பிறகு உன் தொகுதி எம்.பி. பெயரைப் போட்டு, ஒரு கூட்டத்தொடரில் அவர் கேட்ட எழுத்துப்பூர்வ கேள்விகளைப் படி. நாளொன்றுக்கு மக்களவையில் 230 வரை எழுத்துப் பதில் தருகிறார்கள். எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசம். கேள்வி ஒன்றுகூட இல்லை என்றால் அவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுது. நீயே ஒரு கேள்வியைத் தயார் செய்து கூடவே வை. சிலர் அதை அப்படியே போட்டுவிடுவார்கள்.