மியூசிக்கல் என்பது நடுநடுவே பாட்டு வைத்த நாடகம்தானே? அது நாடகக் கலையையே மாற்றியது என்கிறார்களே, எப்படி? பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

யாரோ உங்களை மரினா பே சாண்ட்ஸ் அரங்கில் ஒரு மியூசிக்கலுக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள், டிக்கெட் விலையைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது, திரும்பி வரும்போது எம்ஆர்டியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைத் தட்டியிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் நிறைய. நான் இங்கே சிங்கப்பூரில் தமிழ் நாடகங்களுக்கு ஸ்டேஜ் மேனேஜராக இருப்பவன், சோறு போடுவது துவாஸில் வேறு வேலை.

நீங்கள் சொல்வது ஒரு காலம் வரைக்கும் சரிதான். அமெரிக்க மேடையில் 1920களில் பாட்டு, ஜோக், வரிசையாக ஆடும் பெண்கள், இவற்றைக் கோக்க ஒரு கதை, அவ்வளவுதான். ஒரு நாடகத்துப் பாட்டை எடுத்து இன்னொன்றில் செருகினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்புறம் 1927இல் ‘ஷோ போட்’ வந்தது. அதைத் தயாரித்த சீக்ஃபெல்டு ஆட்டப் பெண்களை வைத்து நடத்திய நிகழ்ச்சிகளால்தான் பேர் வாங்கியவர், ஆனால் இதில் திரை விலகினால் பஞ்சுப் பொதி தூக்கும் கறுப்பினத் தொழிலாளிகள். கறுப்பு வெள்ளைக் கலப்பு மணம் சட்டப்படி குற்றம் என்பதால் ஒரு தம்பதி, கதை நடக்கும் நாடகப் படகை விட்டே போக வேண்டியிருக்கிறது. கேளிக்கைக்கு வந்தவர்களிடம் இதைக் காட்டினார்கள்.

1943இல் ‘ஓக்லஹோமா!’ இன்னும் ஒரு படி போனது. திரை தூக்கியதும் கும்பல் நடனம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, ஓர் அம்மா தனியாக வெண்ணெய் கடைந்துகொண்டிருப்பது தெரிகிறது, பக்கவாட்டிலிருந்து ஒருவன் பாடும் குரல் மட்டும் வருகிறது. அதே நாடகத்தில் கதாநாயகி லாரி காணும் கனவை ஆக்னஸ் டி மில் நடனமாகவே அமைத்தார். தனக்குப் பிடித்தவனைப் பண்ணையாள் ஜட் கொன்றுவிடுவதாகக் கனவு, விழித்ததும் பயத்தில் அந்த ஜட்டோடேயே கிளம்பிவிடுகிறாள். நடனம் தொடங்கும்போது கதை இருந்த இடம் வேறு, முடியும்போது இருக்கிற இடம் வேறு. என்னைக் கேட்டால் மாற்றம் என்பது இதுதான், மற்றதெல்லாம் இதன் பிள்ளை பேரன்கள். 2,212 காட்சி ஓடியது. 1957இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் தெருச் சண்டையே நடனம், முதல் பாதி முடியும்போது மேடையில் இரண்டு பிணம்.

எனக்குப் பிடித்தது 1975இன் ‘எ கோரஸ் லைன்’. நடனக்காரர்களை இரவெல்லாம் பேசவிட்டு டேப்பில் பதிந்து, அதிலிருந்து கட்டிய நாடகம். மேடையில் ஒரு வெள்ளைக் கோடு, பின்னால் கண்ணாடிகள். எங்கள் தொழிலுக்கு அதில் இன்னொரு லாபம், லைட் மாற்றங்களைக் கணினி நினைவில் ஏற்றி ஓட்டிய முதல் பிராட்வே (நியூயார்க்கின் பெரிய அரங்குகள்) நாடகம் அது. நான் ஹெட்செட்டில் “41, கோ” என்று 41ஆவது மாற்றத்துக்குக் குரல் கொடுத்ததும் லைட் பையன் ஒரே ஒரு பொத்தானை அமுக்குவதற்கு வழி அங்கேதான் பிறந்தது.

சரி, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு உறைத்தது எங்கள் சொந்த நாடகத்தில். சில வருடம் முன்பு ஒரு சின்னக் குழு, பிளாக் பாக்ஸ் எனும் கறுப்புச் சுவர் கொண்ட சின்ன அரங்கு, இசைக்கு ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், கடையை மகள் எடுத்து நடத்துவாளா என்பது கதை. அவரிடம் ஒரு கட்டு 555 நோட்டு இருக்கும், சட்டைப்பையில் அடங்குகிற கடன் நோட்டு, உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். ஒரு பாட்டு முழுக்க அவர் அதைத்தான் வாசிப்பார். “மூணாம் மாடி மலர், அரிசி, பன்னெண்டு வெள்ளி அறுபது காசு.” பென்சிலால் ஒரு கோடு, தபேலாவில் ஒரு தட்டு. அடுத்த பெயர், அடுத்த கோடு. அப்பாவுக்கு ரொம்பத்தான் தாராளம் என்று மகளும் சிரித்துக்கொண்டே கூடப் பாடுவாள். போகப் போகக் கோடுகள் வேகமாகும், பெரிய தொகைகள் வரும், அவள் பாட்டை நிறுத்திவிடுவாள். கடை நடத்த நினைக்கிறவர் இப்படி வரவேண்டியதையெல்லாம் அடிக்க மாட்டார் என்பது அவளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் புரியும். கடையை மூடப்போகிறேன் என்று அந்த மனிதர் வாயால் சொல்லவே மாட்டார். கடைசிக் கோட்டோடு இசை நிற்கும், கைதட்ட இடமே விடவில்லை, வேண்டுமென்றேதான்.

நாடகம் முடிந்து ஒரு பெரியவர் வந்து, “எல்லாம் சரி தம்பி, பாட்டு மனசுல நிக்கலையே, ஒரு டூயட் போட்டிருக்கலாமே” என்றார். நல்ல மனிதர்தான், எங்கள் எல்லா நாடகத்துக்கும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர். அதனாலேயே இன்னும் வலித்தது.

இப்போது கமெண்டில் ஒருவர் வருவார், “சங்கரதாஸ் சுவாமிகள் எப்போதோ செய்தாயிற்று, வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தரணுமா” என்று. பாதி ஒப்புக்கொள்கிறேன். அவர் எழுதிய ‘வள்ளி திருமண’த்தின் தர்க்கப் பாட்டுகளைக் கேளுங்கள், ஒவ்வொரு பாட்டும் ஓர் அடி, உடனே ஒரு பதிலடி, ஆள் அசையாமல் இருக்க முடியாது. ஆனால் அதே மேடையில்தான் ஒன்ஸ்மோர் கேட்டால் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடுகிற பழக்கமும் இருந்தது. அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பா குரலுக்காகத் திரண்ட கூட்டத்துக்குக் கதை கொஞ்சம் காத்திருந்தால் என்ன? சினிமா வந்தபோது எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பழக்கத்தைத்தான் என்பது என் கருத்து, தர்க்கத்தை மேடையிலேயே விட்டுவிட்டது. அந்தப் பெரியவர் கேட்ட டூயட் அந்த வழியாக வந்தது. ஆங்கில மோகம் என்று என்னைத் திட்டுவதாக இருந்தால் 1988இல் இங்கேயே மேடையேறிய ‘பியூட்டி வேர்ல்ட்’டையும் சேர்த்துத் திட்டுங்கள். மைக்கேல் சியாங் எழுதி டிக் லீ இசையமைத்தது, மலேசியாவின் பத்து பஹாட் ஊரிலிருந்து அப்பாவைத் தேடி வரும் ஒரு பெண்ணின் கதை. சிங்கப்பூர்க்காரர்கள் தாங்கள் பேசுகிற மாதிரியே மேடையில் பாடக் கேட்டார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தமிழ் நிகழ்ச்சிகளில் சிறப்பு விருந்தினர் வரும் வரை ஏன் தொடங்கக் கூடாது? ஏழரைக்கு என்று போட்ட நாடகத்தை அரை மணி நேரம் பிடித்து வைப்பது யார் தலையெழுத்து என்று நினைக்கிறீர்கள்? உள்ளே மேக்கப் வழிய நடிகர்கள், வெளியே கைக்குழந்தையோடு வந்த பார்வையாளர்கள், காதில் ஹெட்செட்டோடு நான். போதாக்குறைக்கு இடைவேளையில் பொன்னாடை, போட்டோ. முதல் பாதியில் ஏற்றிய அழுத்தமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அதே ஆட்கள் பெரிய பெரிய மியூசிக்கலுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் கதவுக்கு வெளியே சாதுவாக நிற்பார்கள், பார்த்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘ஹாமில்டன்’ 2024இல் இங்கே வந்து போய்விட்டது, பரவாயில்லை, முதல் நடிகர் குழுவை வைத்துப் படம்பிடித்தது டிஸ்னி பிளஸ்ஸில் 2020இலேயே வந்தது. ராப் வேகத்துக்குச் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அமெரிக்க வரலாறு தெரியாவிட்டாலும் ஓடும். அடுத்தது ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படம், பழையதோ புதியதோ. ‘கேட்ஸ்’ மட்டும் முதலில் வேண்டாம். லண்டனில் 1981இல் தொடங்கி 21 வருடம் ஓடியது எனக்கும் தெரியும், ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து அறிமுகப் பாட்டுப் பாடிவிட்டுப் போகும், உங்கள் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும்.