பாளையங்கோட்டையில் அப்பா வீட்டை விற்க, பக்கத்து வீட்டுப் புரோக்கரிடமே கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா இல்லை, அம்மா இப்போது இவரோடு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பல வருடமாக வீடு, மனை புரோக்கர். "எங்கிட்ட விடுங்க தம்பி, நான் முடிச்சுத் தாரேன்" என்கிறார். கொடுத்தால் விலையில் ஏமாந்துவிடுவோமோ என்று பயம். கொடுக்காவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று சங்கடம்.

கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் பார்ட்டியைக் கூட்டிவரும் வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள். விலையை நீங்களே பேசுங்கள். உங்கள் கடைசி விலை அவர் காதுக்குப் போகவே கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டை விற்றுக் கொடுத்ததும் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான். தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகிற பழைய வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பார்க்க வந்த பெரியவர் பட்டாசல் சுவரைப் புறங்கையால் தட்டிப் பார்த்தார். மேலே ஓரத்தில் பழைய ஈரக்கறை. "மழைக்கு ஒழுகுமோ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஒழுகத்தான் செஞ்சுது. அது எங்க மாடித் தண்ணி. போன ஐப்பசிக்கு முன்னால நான் தளம் போட்டுட்டேன், இப்ப வாரதில்ல. வாங்க, மாடியக் காட்டுதேன்" என்று பெரியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது பெரியவர் சுவரைப் பற்றிப் பேசவே இல்லை, மோட்டார் எத்தனை ஹெச்பி என்று கேட்டார். வெளிப் புரோக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பதில் அவரிடம் இருந்திருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். நெல்லையில் வீடு பார்க்க வருகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று கேட்ட கையோடு, அந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேட்கிறார்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு சொல்வதும், அன்றைக்கு அதே தெருவில் இருந்த மனிதர் சொல்வதும் ஒன்றாகாது. வீட்டைத் திறந்து காட்ட, தூசி தட்ட, தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட அவர்தான் வசதி.

இனி மறுபக்கம். உங்கள் வீட்டை அறிந்தவர் உங்களையும் அறிவார். அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே கடன் வாங்கினீர்கள், தங்கச்சி பங்கு கேட்கிறாளா, நீங்கள் சென்னையில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டீர்களா எல்லாம் தெரியும். அவர் திருடர் என்று சொல்லவில்லை. பார்ட்டி தயங்கும்போது, "அவுகளுக்கு அவசரம், கொஞ்சம் இறங்கி வருவாக" என்று ஒரு வார்த்தை விட்டால் வியாபாரம் முடிகிறது. வியாபாரம் முடிவது அவருடைய தொழில். அந்த ஒரு வார்த்தையில் உங்களுக்கு இரண்டு லட்சம் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். கமிஷன் ஒரு சதவீதம் என்று பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்குப் போக வேண்டிய வீடு 48-க்குப் போனால் உங்களுக்கு நஷ்டம் 2 லட்சம். அவருக்குக் குறைவது 2,000 ரூபாய். அந்த 2,000-க்காக இன்னும் இரண்டு மாதம் பார்ட்டிகளைக் கூட்டிக்கொண்டு அலைவாரா? நானாக இருந்தாலும் அலைய மாட்டேன். போதாததற்கு நம் ஊர் வழக்கப்படி வாங்குகிறவரிடமும் அவர் கமிஷன் வாங்குவார். இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர் உங்களுக்காக மட்டும் வாதாடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால் "கடைசியா என்ன விலைக்குக் கொடுப்பீங்க, எங்கிட்டச் சொல்லுங்க தம்பி" என்று கேட்கும்போது (கட்டாயம் கேட்பார், அதுவும் காபி கொடுத்துவிட்டுக் கேட்பார்) ஒரே பதில்தான்: "பார்ட்டியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, நேர்ல பேசிக்கிடலாம்." அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் தெரு அக்காமார், மைனிமாரோடு அம்மா போனில் பேசும்போதுதான் விலை வெளியே போகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். "உங்களுக்கோ, உங்க பிள்ளைகளுக்கோ இந்த வீடு வேணுமா?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் முதலில் கேட்பது ஊர் மரியாதை என்பது ஒரு பக்கம். ஒட்டினாற்போல் இருக்கிற இடத்துக்கு, வேறு யாரையும்விட அடுத்த வீட்டுக்காரர் கூடுதல் விலை கொடுப்பார் என்பது இன்னொரு பக்கம். நடுச்சுவரை இடித்தால் அவருக்கு அது ஒரே வீடு. வேண்டும் என்று சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து அவர் வாங்குகிறவர், புரோக்கர் இல்லை. கமிஷன் பேச்சே கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு மச்சினர் பெயரிலோ பங்காளி பெயரிலோ தானே வாங்குவதும் நடக்கிறது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. முகவர் உங்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் தனக்கே வியாபாரம் செய்துகொண்டால், முக்கியமானதை மறைத்திருந்தாலோ உங்களுக்கு அது பாதகமாக இருந்தாலோ அந்த வியாபாரத்தை நீங்கள் ஏற்க மறுக்கலாம் என்கிறது 215-ம் பிரிவு. அவர் அடித்த லாபத்தைக் கேட்கலாம் என்கிறது 216. கோர்ட்டுக்குப் போகிற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. கேட்டதையும் அவர் சொன்னதையும் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டு வைத்தால் பேச்சு ஒழுங்காக இருக்கும்.

"உங்க கைக்கு 45 வந்தாப் போதும்லா? மேல வாரத நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வழி சொல்வார்கள். கமிஷனே வேண்டாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் சிநேகிதர் ஒருவர் இப்படி ஒத்துக்கொண்டார். பத்திரப் பதிவு நாளில் வாங்குகிறவரின் மனைவி வாய் தவறிச் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, அன்று மதியம் அவர் சாப்பிடவே இல்லை. கமிஷன் சதவீதத்தில் இருக்கட்டும். வாங்குகிறவர் கொடுக்கும் முழுத்தொகையும் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும்.

கமிஷனை யாருக்குக் கொடுப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிய அன்று காலையில் தார்சாவில் முன்பின் தெரியாத மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இவுக யாரு அண்ணாச்சி?" என்றேன். ஒருவர் பார்ட்டியை அறிந்தவர், இன்னொருவர் அவரை அறிந்தவர், மூன்றாமவர் டீ குடிக்க வந்தவர் மாதிரி சிரித்தார். புரோக்கர் தொழிலில் இந்தச் சங்கிலி சகஜம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அண்ணாச்சியிடம் ஒரே தொகை என்று முன்பே பேசியிருந்தேன், அவர் தன் கையிலிருந்து பிரித்துக் கொடுத்துக்கொண்டார். அப்படிப் பேசாமல் விட்டிருந்தால் அந்த மூன்று பேரும் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நெல்லையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் அவருக்குத்தான் அடுத்த வீட்டுக்காரர். வெளிப் புரோக்கருக்குக் காசு கொடுக்கிற எவரும் பார்ட்டி. அண்ணாச்சியோ போன் வந்ததுமே "நீங்க எந்த ஊரு, யாரு ஆளுக?" என்று விசாரித்து, தனக்குச் சரிப்படாத சாதியோ மதமோ என்றால் "அது முடிஞ்சுட்டு" என்று வைத்துவிடலாம். அப்படி எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்காக அவரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. வேறு ஒரு புரோக்கரிடமும் சொல்லி வையுங்கள், இணையத்தில் உங்கள் நம்பரோடு விளம்பரமும் போடுங்கள். அவரிடம் போகாத போன் உங்களிடம் வரும். "உங்ககிட்ட மட்டும்தான்" என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பத்திர விஷயம் சுருக்கமாக. அசல் பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும், அவருக்கு ஜெராக்ஸ் போதும். வில்லங்கமும் பட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றன, அவர் எடுத்துத் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். அப்பா உயில் எழுதவில்லை என்றால் அம்மா, தங்கச்சி உட்பட வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சம்மதத்தை வாங்கிய பிறகு புரோக்கரிடம் பேசுங்கள். அடிக்கடி வந்துபோக முடியவில்லை என்றால் கூடப்பிறந்தவர்களுக்குப் பவர் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சாவி கொடுக்கலாம்.

ரொக்கப் பேச்சு வரும். இப்போது பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 50 லட்சத்தை 30 என்று எழுதினால் வாங்குகிறவருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் மிச்சம். அதற்காக "பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு), மீதி கையில" என்பார்கள். வெளி ஆள் சொன்னால் மறுத்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி "எல்லாரும் செய்றதுதான் தம்பி" என்னும்போது மறுப்பது கஷ்டம். மறுத்துவிடுங்கள். வீடு விற்கிற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வராது, உங்களுக்குத்தான் வரும்.

"ரெரா பதிவு இருக்கா என்று கேட்கணுமா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ரெரா என்பது ரியல் எஸ்டேட் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2016-ம் வருடச் சட்டம். அதன்படி, ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவான புராஜெக்டில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்கிற முகவருக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். அப்பா கட்டிய தனி வீட்டை மறுபடி விற்க அது தேவையில்லை. பதிவு இல்லாததை வைத்து அவரை ஒதுக்க வேண்டாம். கடைசியாக அவர் முடித்துக் கொடுத்த ஒரு வீட்டில் விற்றவர் யார் என்று கேட்டு, அவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். அதில் தெரிந்துவிடும்.

கொடுக்கவே வேண்டாம் என்றும் நான் சொல்கிற இடம் உண்டு. சுவர், சாக்கடை, பாதை என்று அவரோடு ஏற்கெனவே ஒரு இழுபறி இருந்தால் வேண்டாம். அவரிடம் கைமாற்று வாங்கியிருந்தாலும் வேண்டாம். தங்கச்சி இன்னும் அதே தெருவில் இருக்கிறாள், நாளைக்கு முகம் பார்க்க வேண்டும் என்றாலும் யோசியுங்கள். அப்போது நீங்களாகப் போய் "உங்ககிட்டக் கொடுக்கல" என்று சொல்ல வேண்டியதில்லை. "தங்கச்சி மாப்பிள்ளை பாத்துக்கிடுதாரு அண்ணாச்சி, எங்க கையில இல்ல" என்றால் நம் ஊரில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளைமாரால் இப்படியும் ஒரு உபயோகம். பதிவன்று அண்ணாச்சியைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டு, வேட்டி துண்டோடு ஒரு தொகையும் வைத்துக் கொடுத்தால் மனசு ஆறிவிடும்.

கொடுப்பது என்று முடிவு செய்தால் போனில் பேசிவிட்டு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணாச்சி, நம்ம பேசினபடி வீட்டுக்குப் பார்ட்டி நீங்க கூட்டிட்டு வாங்க. முடிஞ்சா பதிவன்னைக்கு எங்க பக்கம் ஒரு சதவீதம், உங்க ஒருத்தர் கையில. நாங்களும் வெளியில சொல்லி வச்சிருக்கோம், அப்படி வந்து முடிஞ்சா உங்களுக்குக் கமிஷன் கிடையாது. விலையும் அட்வான்ஸும் நாங்க நேர்ல பேசிக்கிடுதோம்." அவர் "சரி தம்பி" என்று போட்டால் போதும். இதற்கே கோபித்துக்கொண்டால், நடுவழியில் வந்திருக்க வேண்டிய கோபம் இப்போதே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி பிறக்கப்போகிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அசைய வேண்டாம். ஆடியில் எப்படியும் அட்வான்ஸ் கொடுக்க ஆள் வருவது குறைவு. அந்த மாதத்தில் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முடித்து, வெள்ளையும் அடித்து வையுங்கள். ஆவணியில் பார்ட்டி வரும்.