அளந்த காற்றும் அடிக்கிற காற்றும்

வாசகர் கேள்வி – பதில்: அணை, கண்மாய், பரிசல்

கேள்வி: வைகை அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறோம். சிகாகோவில் இருக்கும் மச்சான், மிச்சிகன் ஏரியில் படகை இறக்குமுன் போனில் வானிலை மிதவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். நமக்கும் அது உதவுமா?
– ஆண்டிபட்டி வாசகர்

பதில்: அவர் பார்ப்பது அநேகமாக அந்த ஏரியின் தென்பாதியில் நங்கூரமிட்டிருக்கும் 45007 எண் மிதவை. காற்று, அலை உயரம், நீரின் வெப்பம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும். மிச்சிகன் ஏரி 490 கிலோமீட்டர் நீளம். அதைக் குட்டிக்கடல் என்றே சொல்லலாம். நம் நாட்டில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகள் போட்டிருக்கிறது. ஆனால் வங்கக் கடல் மிதவையைப் பார்த்து வைகை அணையில் பரிசல் இறக்குவது, ராமேசுவரத்தில் மழையா என்று கேட்டு ஆண்டிபட்டியில் குடை எடுக்கிற கதைதான்.

எண்கள் உதவாவிட்டாலும், அவற்றைப் படிக்கும் முறை உதவும். மிதவை சொல்லும் அலை உயரம், வரும் அலைகளில் பெரிதாக உள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 40 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் நடுநடுவே அதைப்போல இரு மடங்கு அலையும் வரும். அதைவிட முக்கியம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. 3 கிலோமீட்டர் திறந்த நீர்ப்பரப்பில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று விடாமல் அடித்தால் அலை சுமார் 17 சென்டிமீட்டர் எழும். காற்று 36 ஆனால் அலை 40-ஐ எட்டும். கடலில் 40 சென்டிமீட்டரை யாரும் அலை என்றே மதிப்பதில்லை. அங்கே எட்டு, பத்து நொடிக்கு ஒன்று வரும். அணையில் இரண்டரை நொடிக்கு ஒன்று. பரிசல் ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது. பரிசல் திடீரென்று கவிழ்வதைவிட, இப்படி நிறைந்து அமிழ்வதே அதிகம். தண்ணீர் இறைக்க ஒரு டப்பாவைக் கயிற்றில் கட்டி உள்ளேயே வைத்திருங்கள்.

ஆடி மாத மேல்காற்றில் இன்னொரு ஏமாற்று உண்டு. காற்று கிளம்பும் மேற்குக் கரையில் தண்ணீர் சும்மா கிடக்கும். எதிர்க்கரையில்தான் அலை திரண்டு நிற்கும். நிற்கிற கரையை நம்பி இறங்காதீர்கள். அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியாயிற்று. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 20-க்கு மேல். நுரை பரவலாகத் தெரிகிற நாளில் பரிசல் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கட்டும்.

கேள்வி: மதுரை விமான நிலைய வானிலைக் குறிப்பில் '1130இசட், 27012ஜி24கேடி' என்கிற மாதிரி வருகிறது. எங்கள் கண்மாய் பக்கத்தில்தான். இதை நம்பித் தூண்டில் படகை எடுக்கலாமா?
– அவனியாபுரம் வாசகர்

பதில்: முதலில் நேரத்தைப் பாருங்கள். இசட் என்றால் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் மாலை 5 மணிக் கணக்கு. காலை பதினொன்றரை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 270 என்பது காற்று வரும் திசை, அதாவது மேற்கிலிருந்து. போகும் திசை அல்ல. கேடி என்பது நாட். 12 நாட் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர். ஜி-க்குப் பின்னால் வரும் 24, இடையிடையே அறையும் வீச்சு: 44 கிலோமீட்டர். முடிவை எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். காற்று இரு மடங்கானால் படகின் மேல் அது தள்ளும் விசை நான்கு மடங்கு.

விமான நிலையத்தில் காற்றை அளப்பது 10 மீட்டர் உயரத்தில். நீங்கள் உட்கார்ந்திருப்பது தண்ணீர் மட்டத்தில், ஆகவே உங்கள் மேல் படுவது சற்றுக் குறையும். இதே குறிப்பை வைகை அணைக்காரர்கள் பார்த்துப் பயனில்லை.

சித்திரை, வைகாசி மாலைகளில் எந்தக் குறிப்பும் முந்தாது. மேகம் கறுத்து, புழுக்கத்துக்கு நடுவே குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் மழைக்கு முன் வரும் வீச்சு வந்துவிட்டது என்று பொருள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கரையேறுங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் இறங்காதீர்கள். 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலைக் காட்டும், இலவசம்.

கேள்வி: குத்தகைக் கண்மாயில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். தண்ணீர் சூட்டை அளக்க நானே ஒரு மிதவை செய்யலாமா? என்னென்ன வேண்டும்?
– மேலூர் வாசகர்

பதில்: தாராளமாக. ஓர் ஆழத்தில் மட்டும் அளந்தால் பயன் குறைவு. டிஎஸ்18பி20 என்ற, நீர் புகாத உறையில் வரும் வெப்ப உணரி (சென்சார்) மூன்று வாங்குங்கள். மேற்பரப்புக்கு 30 சென்டிமீட்டர் கீழே ஒன்று, 1 மீட்டரில் ஒன்று, தரைக்குச் சற்று மேலே ஒன்று. மூன்றையும் ஒரே ஒயரில் கோக்கலாம்; 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று போதும். ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒரு 18650 பேட்டரி, சின்ன சோலார் தகடு. உடலுக்கு இரு முனையும் மூடிய 6 அங்குல பிவிசி குழாய், வெள்ளை பெயின்ட். 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

இந்த உணரி அரை டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்துக் காட்டினால் இல்லாத 1 டிகிரி வித்தியாசம் இருப்பதுபோல் தெரியும். அதனால் இறக்குமுன், பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்ட பிளாஸ்கில் மூன்றையும் பத்து நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒயர் நுழையும் இடத்தில். பகலில் குழாய்க்குள் காற்று சூடேறி விரியும், இரவில் சுருங்கும்போது சிறு இடுக்கு வழியாகவும் ஈரத்தை உறிஞ்சும். அங்கே ரப்பர் வாய் வைத்து இறுக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போடுங்கள். நங்கூரத்துக்கு சிமெண்ட் கட்டி என்றால், 10 கிலோ கட்டி தண்ணீருக்குள் 6 கிலோகூட நிற்காது என்பதைக் கணக்கில் வையுங்கள். கயிறு, கண்மாய் நிறைந்திருக்கும்போதுள்ள ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள்; திறந்தால் இழுத்துக்கொண்டு போகும். பத்து நாளுக்கு ஒரு முறை பாசியைத் துடையுங்கள்.

காற்றில்லாத வெயில் நாளில் மேலே 33, கீழே 29 என்று நிற்கும். ஒரு கோடை மழை கொட்டிய இரவில் மூன்று உணரியும் ஒரே எண்ணைக் காட்டினால், அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே கலந்துவிட்டது என்று அர்த்தம். விடியுமுன் கண்மாய்க்குப் போங்கள். 30 டிகிரி நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். சோதனைக் கிட்டில் 3-க்குக் கீழே காட்டினாலோ, மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ, தீவனத்தை நிறுத்தி, மோட்டார் போட்டு கண்மாய்த் தண்ணீரையே இறைத்து மேலிருந்து சிதற விடுங்கள். அடியில் கிடந்தது கலங்காமல் மேல்தண்ணீரை மட்டும் இறையுங்கள்.

கேள்வி: காற்றடிக்கும் நாளில் எந்தக் கரையில் தூண்டில் போடுவது?
– சோழவந்தான் வாசகர்

பதில்: இரண்டு நாளாக ஒரே திசையில் அடித்திருந்தால், காற்று போய் மோதும் கரையில். மிதக்கும் நுண்ணுயிர் அங்கே ஒதுங்கும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா பின்னாலேயே வரும். இன்று காலைதான் திசை மாறியது என்றால் பழைய கரையையே பாருங்கள். கரையில் நின்று போடுங்கள், அந்தப் பக்கம் படகு வேண்டாம்.