முதுமாணிக்குப் பாடம் பதியும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வார இறுதி முதுமாணி வகுப்புக்குத் தெரிவாகியிருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்கப் போகிறேன். பாடங்களைப் பதியும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் கிளிநொச்சியில் ஆசிரியர். சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து படித்து முடித்தவன். என்னைக் கேட்டால், பாடத்தின் பெயரைப் பார்க்க முன்னம் அதன் கிரெடிட்டைப் பாருங்கள்.

நாட்டின் பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை 15 மணித்தியாலம்தான், மிச்சம் 35 உங்கள் தலையில். அப்படியென்றால் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம். 15 வாரச் செமஸ்டரில் கிழமைக்குப் பத்து. மூன்று பாடம் எடுத்தால் கிழமைக்கு முப்பது. பள்ளிக்கூடமும் வீடும் போக அவ்வளவு நேரம் எங்கே கிடக்கிறது? இந்தக் கணக்கைப் போடாமல் நான் முதல் செமஸ்டரிலேயே நாலு பாடம் பதிந்தேன். மூன்று கட்டாயப் பாடம். நாலாவது, பக்கத்தில் இருந்தவர் எடுத்தார் என்பதற்காக எடுத்த விருப்பப் பாடம்.

மூன்றாம் வாரம் அந்தப் பாடத்தின் நேரத்தை மாற்றி, நேரசூசியில் பென்சிலால் எழுதி ஒட்டினார்கள். எனக்குக் கட்டாயப் பாடத்தோடு இடித்தது. விரிவுரையாளரிடம் வாயால் சொல்லிவிட்டு, விருப்பப் பாடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டேன். பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்துக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று கிடந்தது. கந்தோருக்கு ஓடினால், அங்கே இருந்த ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சொன்னனான் எண்டு சொல்லாதேங்கோ, சீல் குத்தின கடதாசியைக் காட்டுங்கோ." என்னிடம் ஏது கடதாசி! அதைச் சரிப்படுத்த இரண்டு மாதம் அலைந்தேன். பதிந்தாலும் விலகினாலும் படிவத்தின் பிரதியில் திகதியோடு சீல் வாங்கி, அங்கேயே நின்று போனில் படம் எடுத்துவிடுங்கள். விலகுவதற்கான கடைசித் திகதியையும் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் வரவு. பல இடங்களில் 80 வீதம் கேட்பார்கள். 15 வகுப்பில் மூன்று தவறலாம், அவ்வளவுதான். ஆகவே நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு பதியுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள், ஆசிரியர் என்றால் விடைத்தாள் திருத்தும் பணி, வீட்டில் ஒரு கலியாணம் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். சனி, ஞாயிறில் வரும் போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) விட்ட வகுப்பை வேறொரு நாள் வைப்பார்கள், அன்றைக்கும் வரத்தான் வேண்டும்.

உங்கள் கற்கைநெறி அந்தச் சட்டகத்தில் ஒன்பதாம் மட்டமா, பத்தாம் மட்டமா என்பதையும் கேளுங்கள். ஒன்பது என்றால் 30 கிரெடிட். பத்து என்றால் 60, அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியது. பத்தாம் மட்டக்காரர் விருப்பப் பாடத்தை ஆய்வுத் தலைப்புக்குக் கிட்டவாக எடுத்தால் மேற்பார்வையாளரோடு முன்கூட்டியே பழக்கம் வரும்.

தூரத்திலிருந்து வருபவர் என்றால் ஞாயிறு பின்னேர வகுப்பை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். நான் வீடு போய்ச் சேர இரவாகிவிடும், திங்கள் காலை 7.30க்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.